எரிந்த நகரை அளந்தவர்கள்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒரு வீட்டைக் கட்டி முடிப்பதற்குள் படும் பாட்டைக் கட்டியவரே அறிவர். ஆயினும், புது வீடு கட்டுவதைக் காட்டிலும் கடினமான செயல் ஒன்று உண்டு. தீயாலோ வெள்ளத்தாலோ சிதைந்த வீட்டை மீண்டும் எழுப்புவதே அது. புது வீட்டிற்கு நிலமும் பொருளும் ஆளும் இருந்தால் போதும். சிதைந்த வீட்டிற்கோ இவை போதா. எது கெட்டது, எது தப்பியது என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். இழப்பை அளந்து கணக்கிட வேண்டும். எந்த வேலையை முதலில் தொடங்குவது, எதைப் பின்னர் செய்வது என்று வரிசைப்படுத்த வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, வீட்டுக்காரர், குடியிருந்தவர், அண்டை வீட்டார், பணம் தருபவர் ஆகிய அனைவரும் அவர் சொல்லை ஏற்கும்படியான நம்பிக்கை அவரிடத்தில் அமைந்திருக்க வேண்டும்.

இக்காலத்தில் இதற்கென்றே பயிற்சி பெற்று, தேர்வு எழுதி, சான்றிதழ் பெற்ற மேலாளர்கள் மேலை நாடுகளில் பலர் உளர். சேதமுற்ற கட்டடங்களைச் சீரமைக்கும் பணியைப் பொறுப்பேற்று நடத்துவது அவர்கள் தொழில். இத்தகைய ஒரு தொழில் ஏன் தேவைப்பட்டது? வெறும் அனுபவம் போதாதா? தேர்வும் சான்றிதழும் எதற்கு? இக்கேள்விகளுக்கு விடை தேட நாம் 1666ஆம் ஆண்டின் இலண்டன் மாநகருக்குச் செல்லவேண்டும். அங்கே, எரிந்த நகரம் ஒன்றின் சாம்பலிடையே, கையில் அளவுகோலும் கயிறும் ஏந்தி நின்ற சிலரை நாம் காணலாம்.

1666ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, விடியுமுன்னர் புட்டிங் சந்தில் தாமஸ் ஃபாரினர் என்பவருடைய ரொட்டிக் கடையில் தீப்பற்றியது. நெடுநாள் மழையின்றி உலர்ந்து கிடந்த ஊர். மரத்தாற் கட்டி நெருக்கி அமைத்த வீடுகள். கிழக்கிலிருந்து வீசிய கடுங்காற்று. இம்மூன்றும் சேர்ந்தன. நான்கு நாட்களுக்குள் ஏறத்தாழ 13,200 வீடுகள் அழிந்தன. செயின்ட் பால் பேராலயம் எரிந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட தேவாலயங்கள் எரிந்தன. வணிகக் குழுக்களின் மண்டபங்களும் எரிந்தன. மதிலுக்குட்பட்ட நகரில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. வீடிழந்த மக்கள் ஊருக்கு வெளியே வயல்களில் கூடாரமிட்டுத் தங்கினர்.

தீ அணைந்தபின் அறிஞர் சிலர் புதிய நகருக்கு வரைபடம் தீட்டினர். கிறிஸ்டபர் ரென் ஒன்று வரைந்தார். ஜான் ஈவ்லின் மற்றொன்று வரைந்தார். இராபர்ட் ஹூக் வேறொன்று வரைந்தார். நேரான அகன்ற வீதிகளும், அழகிய சதுக்கங்களும் அவற்றில் திகழ்ந்தன. ஆயினும் அவற்றுள் ஒன்றேனும் நிறைவேறவில்லை. காரணம் யாது? சாம்பலுக்கு அடியில் ஆயிரக்கணக்கான மக்களின் உரிமை புதைந்து கிடந்தது. ஒவ்வொரு துண்டு நிலத்திற்கும் ஓர் உடையவர் இருந்தார். தாளின்மேல் ஒரு கோடு இழுத்து அவர்களுடைய உரிமையை அழித்துவிட முடியவில்லை. அந்நிலங்களையெல்லாம் விலைக்கு வாங்கவோ பணம் இல்லை.

நிலத்தின் உரிமை ஒருபுறமிருக்க, குத்தகையின் சிக்கல் மறுபுறம் எழுந்தது. அக்கால இலண்டனில் நிலத்துக்கு உடையவர் ஒருவர்; அவரிடம் நீண்ட குத்தகை பெற்றவர் மற்றொருவர்; அவரிடமிருந்து வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தவர் வேறொருவர். பெரும்பாலான குத்தகை ஒப்பந்தங்களில், வீட்டைப் பழுது பார்த்துக் காப்பதும், வாடகையைத் தவறாமல் செலுத்துவதும் குடியிருப்பவர் கடமை என்று எழுதப்பட்டிருந்தது. வீடு எரிந்து போனாலும் அந்த எழுத்து எரியவில்லை! கடையும் சரக்கும் இழந்து நடுத்தெருவில் நின்ற ஒருவரிடம், “இல்லாத வீட்டிற்கு வாடகை கொடு, அதை உன் செலவில் திரும்பக் கட்டியும் கொடு” என்று சட்டம் கேட்டது. குத்தகை முடிய நான்கைந்து ஆண்டுகளே எஞ்சியிருந்த ஒருவர், எதற்காகத் தம் பொருளைக் கொட்டி வீடு கட்டுவார்? அவர் கட்டாவிட்டால் நிலம் பாழாய்க் கிடக்கும். நிலம் பாழாய்க் கிடந்தால் நகரம் எழாது.

இந்த முடிச்சை அவிழ்க்க அரசும் மாநகராட்சியும் மூன்று வழிகளைக் கையாண்டன.

முதலாவது, அறிவுடையோர் அறுவரைக் கொண்ட ஒரு குழு 1666ஆம் ஆண்டு அக்டோபரில் அமைந்தது. மன்னர் இரண்டாம் சார்லஸ் தம் சார்பில் ரென், ஹியூ மே, ரோஜர் பிராட் ஆகிய மூவரை நியமித்தார். மாநகராட்சி தன் சார்பில் இராபர்ட் ஹூக், பீட்டர் மில்ஸ், எட்வர்டு ஜெர்மான் ஆகிய மூவரை நியமித்தது. எந்தத் தெருவை எவ்வளவு அகலப்படுத்தலாம், எத்தகைய வீடுகளைக் கட்ட விடலாம் என்று இவர்கள் ஆராய்ந்தனர்.

இரண்டாவது, 1667ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பாராளுமன்றம் இரு சட்டங்களை இயற்றியது. ஒன்று வழக்குகளைத் தீர்ப்பதற்கு. மற்றொன்று வீடுகளைக் கட்டுவதற்கு. வழக்குகளைத் தீர்க்க அமைந்ததே ‘தீ நீதிமன்றம்’. கிளிஃபர்ட்ஸ் இன் என்னும் மண்டபத்தில் அது கூடியது. நாட்டின் உயர் நீதிபதிகள் ஊதியம் பெறாமல் அங்கு அமர்ந்து தீர்ப்பளித்தனர். சட்டத்தின் எழுத்தை மட்டும் நோக்காது, “இவ்விடத்தில் வீடு எழ வேண்டுமாயின் யார் எவ்வளவு சுமப்பது நியாயம்?” என்று நோக்கினர். கட்ட முன்வந்தவருக்குக் குத்தகைக் காலத்தை நீட்டினர், வாடகையைக் குறைத்தனர், பழைய வாடகைப் பாக்கியைத் தள்ளினர். இவ்வாறு ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட தீர்ப்புகள் வழங்கப்பெற்றன. நன்றி பாராட்டிய மாநகராட்சி அந்நீதிபதிகளின் உருவப் படங்களை வரையச் செய்து தன் மண்டபத்தில் மாட்டி வைத்தது.

கட்டடச் சட்டமோ வீடுகளை நான்கு வகையாகப் பிரித்தது. சிறு சந்துகளில் இரண்டு மாடி, குறிப்பிடத்தக்க தெருக்களில் மூன்று மாடி, பெருவீதிகளில் நான்கு மாடி, செல்வர் வாழும் மாளிகைகள் ஒரு தனி வகை என வகுத்தது. வெளிச்சுவர்கள் செங்கல்லாலோ கருங்கல்லாலோ அமையவேண்டும் என்றது. எந்த மாடியில் சுவரின் கனம் எத்தனை செங்கல் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. வெளியூர்த் தச்சரும் கொத்தரும் ஏழாண்டுக் காலம் நகரத் தொழிலாளரைப் போலவே உரிமையோடு வேலை செய்யலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. இலண்டனுக்கு வரும் நிலக்கரியின்மீது வரி விதித்து, பொதுச் செலவிற்கு நிதியும் தேடித் தந்தது.

நீதிமன்றம் அமைந்தது; சட்டம் அமைந்தது; நிதியும் அமைந்தது. எனினும் ஒரு செங்கல்லைக்கூட வைக்க முடியவில்லை. ஏனெனில், தன் நிலத்தின் எல்லை எது என்பதை எவராலும் உறுதியாகக் காட்ட முடியவில்லை. சுவர்கள் இடிந்து, தெருவும் மனையும் ஒன்றாய் மேடிட்டுக் கிடந்தன. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு முழம் தள்ளி அடித்தளம் தோண்டினாலும் கேட்பார் இல்லை. “எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம்” என்று எண்ணுவோர் எவ்வூரிலும் உண்டு அன்றோ? ஆகவே மூன்றாவது வழி பிறந்தது. அதுவே நம் கதையின் உயிர்நாடி. மாநகராட்சி தனக்கென அளவையாளர்களை நியமித்து, அவர்களை ஆணையிட்டு உறுதி கூறச் செய்தது.

1667ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் ஹூக்கும் மில்ஸும் உறுதிமொழி எடுத்துக்கொண்டனர். அத்திங்கள் 27ஆம் நாள் தெருக்களுக்கு எல்லைக் கழிகள் நடும் பணி தொடங்கியது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஜான் ஆலிவர் என்பவரும் அவர்களோடு சேர்ந்தார். நடப்பட்ட கழிகளைப் பிடுங்குவது சாதாரணக் குற்றமாகக் கருதப்படவில்லை. பிடுங்கியவருக்கு மூன்று திங்கள் சிறையோ பத்துப் பவுன் அபராதமோ விதிக்கப்பட்டது. எளிய நிலையினராயின், பிடுங்கிய இடத்திற்கு அருகிலேயே கசையடி கொடுக்கவும் சட்டம் இடந்தந்தது. ஒரு மரக்கழிக்கு இத்துணைக் காவலா என்று நாம் வியக்கலாம். அந்தக் கழியை நம்பித்தான் ஒரு நகரமே எழவேண்டியிருந்தது.

அளவையாளர்கள் பணி செய்த முறை கருதத் தக்கது. வீடு கட்ட விரும்பும் ஒருவர் முதலில் தம் மனையிலுள்ள இடிபாடுகளை அகற்றவேண்டும். பின்னர் மாநகராட்சி மண்டபத்திற்குச் சென்று, ஓர் அடித்தளத்திற்கு 6 ஷில்லிங் 8 பென்னி, அதாவது ஒரு பவுனில் மூன்றில் ஒரு பங்கு, செலுத்திப் பற்றுச்சீட்டு வாங்கவேண்டும். அச்சீட்டைக் கண்ட பின்னரே அளவையாளர் மனைக்கு வருவார். பழைய அடித்தளத்தின் எச்சங்களைப் பார்ப்பார். அண்டை மனைக்காரர்கள் சொல்வதைக் கேட்பார். கயிறு பிடித்து, முளையடித்து, எல்லையைக் காட்டுவார். அளவுகளையெல்லாம் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்; கட்டுபவருக்குச் சான்றும் எழுதித் தருவார். இரு வீட்டாருக்கும் பொதுவான சுவர் எங்கே நிற்பது, அதன் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்பன போன்ற பூசல்கள் எழுந்தால், நேரில் பார்த்து மாநகர மூப்பர்களுக்கு அறிக்கை தருவதும் அவர் கடமை.

மற்றொரு சான்றிதழும் உண்டு. தெருக்களை அகலப்படுத்தியதால் பலர் தம் நிலத்தில் ஒரு பகுதியை இழந்தனர். இழந்த நிலத்திற்கு ஈடாக நிலக்கரி வரியிலிருந்து பணம் தரப்பட்டது. ஆனால் எத்தனை சதுர அடி போயிற்று என்று அளவையாளர் அளந்து கையெழுத்திட்ட சீட்டு இருந்தால்தான் பணம் கிடைக்கும். அக்கையெழுத்தில் ஓர் அடி கூடினால் மாநகராட்சிக்கு நட்டம். ஓர் அடி குறைந்தால் வீடிழந்த ஒரு குடும்பத்திற்கு நட்டம். அளவையாளரின் கையும் மனமும் நடுங்காமல் இருக்கவேண்டிய இடம் இது.

இனி, அந்த மூவரும் எத்தகைய பயிற்சி பெற்றவர்கள் என்று பார்ப்போம். பீட்டர் மில்ஸ் செங்கற்கொத்தராகப் பயிற்சி பெற்று, மாநகராட்சியின் கொத்தராகப் பல்லாண்டு உழைத்தவர். தீ மூண்டபோது எழுபது வயதை நெருங்கியவர். ஜான் ஆலிவர் கண்ணாடித் தொழிலில் வல்லவர். இராபர்ட் ஹூக்கோ முப்பத்தொரு வயது இளைஞர். அறிவியல் கழகத்தில் சோதனைகளை நடத்திக் காட்டும் பொறுப்பாளர். கிரஷாம் கல்லூரியில் வடிவ கணிதப் பேராசிரியர். நுண்ணோக்கியில் கண்டவற்றை விளக்கும் ‘மைக்ரோகிராபியா’ என்னும் நூலை அவர் 1665ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்தார். ஒருவர் கைத்தொழிலில் தேர்ந்தவர். ஒருவர் நூலறிவில் தேர்ந்தவர். மனையை அளக்கவும் சேதத்தை மதிப்பிடவும் கற்பிக்கும் கல்லூரி அந்நாளில் இல்லை; தேர்வும் இல்லை. பிறருக்குச் சான்றிதழ் எழுதித் தந்த இம்மூவரிடத்திலும் அத்தொழிலுக்கென ஒரு சான்றிதழ் இருந்ததில்லை! அவர்களுக்கு இருந்தவை இரண்டே: தாம் எடுத்த உறுதிமொழி, ஊரார் கண்ட நடத்தை.

அவ்விரண்டையும் கொண்டு அவர்கள் ஆற்றிய பணி மிகப் பெரிது. ஹூக் மட்டும் ஏறத்தாழ 3,000 மனைகளை அளந்து தந்தார் என்று வரலாற்றறிஞர் கணிக்கின்றனர். மில்ஸ் 1670ஆம் ஆண்டில் காலமானார். எஞ்சிய இருவரும் பணியைத் தொடர்ந்தனர். தீ மூண்டு ஆறேழு ஆண்டுகளுக்குள், கட்ட முன்வந்தோரின் வீடுகளில் பெரும்பாலானவை எழுந்துவிட்டன. மில்ஸும் ஆலிவரும் எழுதிய அளவுக் குறிப்புகள் இன்றும் கிடைக்கின்றன. ஹூக் வயலில் எழுதிய குறிப்பேடுகள் கிடைக்கவில்லை. 1703ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது, அவருடைய அறையில் இருந்த இரும்புப் பெட்டியில் ஆயிரக்கணக்கான பவுன்கள் இருந்தன. அளவுப் பணிக்காகப் பெற்ற ஊதியத்தை அவர் செலவழியாமல் வைத்திருந்தார் என்பர்.

ஆயினும் ஒன்றை நாம் கருதுதல் வேண்டும். நல்ல மனிதர் கிடைத்தமையால் இலண்டன் பிழைத்தது. நல்லவர் கிடைக்காவிட்டால் என் செய்வது? ஒரு நகரின் நலத்தை நல்வாய்ப்பின் கையில் விட்டுவிடலாமா? இந்தக் கேள்வியே பின்வந்த நூற்றாண்டுகளில் பயிற்சிக்கும் தேர்வுக்கும் வழிவகுத்தது.

1774ஆம் ஆண்டின் கட்டடச் சட்டம் இலண்டனில் வட்டாரந்தோறும் அளவையாளர்களை நியமித்து, அவர்களையும் உறுதிமொழி எடுக்கச் செய்தது. 1834ஆம் ஆண்டில் கட்டடக்கலைஞர் கழகம் தோன்றியது. 1855ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தது. வட்டார அளவையாளர் பதவியை விரும்புவோரைத் தேர்வு செய்து, தகுதிச் சான்றிதழ் வழங்கும் பொறுப்பை அக்கழகத்திடம் அச்சட்டம் ஒப்படைத்தது. ஆக, உறுதிமொழியோடு தேர்வும் சேர்ந்தது. 1868ஆம் ஆண்டில் அளவையாளர்கள் தமக்கென ஒரு கழகம் கண்டனர். 1881ஆம் ஆண்டிலிருந்து அதுவும் தேர்வுகளை நடத்தலாயிற்று.

இதற்கிடையில் தீக் காப்பீடு என்னும் புதுமுறையும் வளர்ந்தது. பெருந்தீக்குப்பின் நிக்கோலஸ் பார்பன் என்பவர் இலண்டனில் அதனைத் தொழிலாகத் தொடங்கினார். காப்பீடு வந்தபின், சேதத்தை மதிப்பிடுவோர் பணமளிக்கும் நிறுவனத்திற்கும் இழந்தவருக்கும் இடையே நின்றனர். இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சால் இலண்டன் மீண்டும் எரிந்தது. அக்காலத்தில் இழப்பு மதிப்பீட்டாளர்கள் ஒன்றுகூடி அமைத்த சங்கம், 1961ஆம் ஆண்டில் அரச சாசனம் பெற்றுத் தேர்ச்சி பெற்றோரின் கழகமாக உயர்ந்தது.

அளப்பவரும் மதிப்பிடுபவரும் இவ்வாறு பயிற்சி பெற்றனர். சேதமுற்ற கட்டடத்தில் இறங்கிச் சீரமைப்பவருக்குரிய பயிற்சி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஒழுங்கு பெற்றது. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டில் ஒரு சான்றளிப்பு நிறுவனம் தோன்றியது. தரைவிரிப்புகளைத் தூய்மை செய்வோருக்காகத் தொடங்கப்பட்ட அது, நாளடைவில் ஆய்வு, துப்புரவு, சேதச் சீரமைப்பு ஆகிய மூன்றுக்கும் உரியதாய் விரிந்தது. நீரால் சேதமுற்ற கட்டடங்களை எவ்வாறு உலர்த்துவது என்பதற்கு ‘எஸ் 500’ என்னும் நெறிமுறையை 1994ஆம் ஆண்டில் அது வெளியிட்டது.

அந்நெறிமுறை கற்பிப்பது யாது? புகுந்த நீர் எல்லாம் ஒரே நீர் அன்று. குடிநீர்க் குழாய் உடைந்து வந்த நீர் ஒரு வகை. துணி துவைத்த நீர்போல ஓரளவு மாசுற்றது மற்றொரு வகை. சாக்கடையும் வெள்ளமும் கொணர்ந்த நீர் மூன்றாம் வகை. முதல் வகை நீரும் நாட்பட நின்றால் அடுத்த வகையாகிவிடும். ஓரிரு நாட்களுக்குள் ஈரத்தை அகற்றாவிட்டால் பூஞ்சணம் பற்றத் தொடங்கும். பார்வைக்கு உலர்ந்த சுவரின் உள்ளே ஈரம் ஒளிந்திருக்கும்; கையால் தொட்டு அதை அறிய முடியாது; கருவியால் அளந்தே அறியவேண்டும். ஈரம் போகுமுன் வண்ணம் பூசினால், பூசிய செலவும் வீணாகும். குடியிருப்போர் நலமும் கெடும். மின்சாரத்தைத் துண்டிக்குமுன் நீர் தேங்கிய அறைக்குள் இறங்கும் தொழிலாளி உயிரையே இழக்கக்கூடும்.

ஆகவே, பணியை நடத்தும் மேலாளர் முதலில் ஆபத்தை நீக்குகிறார், பின்னர் சேதத்தை அளக்கிறார், அளந்ததை எழுதிவைக்கிறார், மதிப்பீடும் கால அட்டவணையும் வகுக்கிறார், வீட்டுக்காரரும் காப்பீட்டு நிறுவனமும் ஒப்பியபின் வேலையைத் தொடங்குகிறார், முடிவில் மீண்டும் அளந்து பார்த்தே கட்டடத்தை ஒப்படைக்கிறார். பழைய அடித்தளத்தைப் பார்த்து, அயலாரைக் கேட்டு, முளையடித்து, குறிப்பேட்டில் எழுதிச் சான்று தந்த ஹூக்கின் முறை இதுவே அன்றோ? கருவிகள் மாறின, வரிசை மாறவில்லை. அன்று சிலரின் இயல்பாயிருந்த ஒழுங்கு, இன்று எவரும் கற்றுக்கொள்ளத்தக்க கல்வியாயிற்று. தேர்வும் சான்றிதழும் செய்த நன்மை இதுதான்.

சான்றிதழ் ஒன்றே போதுமா எனின், போதாது. ஹூக்கும் மில்ஸும் ஆலிவரும் சான்றிதழ் இன்றியே நாணயமாக நடந்தனர்; சான்றிதழ் கையிலிருந்தும் நாணயமின்றி நடக்க ஒருவரால் முடியும். அறிவைத் தேர்வு அளக்கலாம். நேர்மையை அளக்கும் கோல் எந்தத் தேர்வு மண்டபத்திலும் இல்லை. அதனாற்றான் முன்னோர் அளவுகோலைக் கையில் தருமுன்னர் உறுதிமொழியை வாயாற் சொல்லச் செய்தனர்.

பொறியியலோ கட்டடக்கலையோ பயின்று, நாளை இத்தகைய பணிகளில் இறங்கப்போகும் மாணவர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளலாம். வெள்ளம் வடிந்த தெருவிலோ தீ அணைந்த வீட்டின் முன்னோ நீங்கள் சென்று நிற்கும்போது, உங்களை எதிர்நோக்கி நிற்பவர் தம் வாழ்நாள் சேமிப்பை இழந்தவராக இருப்பார். உங்கள் கையிலுள்ள பட்டத்தை அவர் படித்துப் பார்க்க மாட்டார். நீங்கள் அளக்கும் அளவு சரிதானா என்பதையே பார்ப்பார். அந்த அளவை நம்பித்தான் அவர் தம் வீட்டின் முதற்கல்லை மீண்டும் வைக்கவேண்டும்.